குழாய் நீரின் விலை: டெற்றொயிற், பிலடெல்பியா நகரங்களின் அனுபவம்

தண்ணீர் இயற்கையின் கொடை என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால், ஏரியிலே கிடக்கும் நீரை இறைத்து, வடித்து, நோய்க்கிருமி நீக்கி, நிலத்தடிக் குழாய்களின் வழியே ஒரு தொழிலாளியின் சமையலறை வரைக்கும் கொண்டு சேர்ப்பதும், அவன் வீட்டுக் கழிவுநீரை மீண்டும் ஏற்றுச் சுத்திகரித்து ஆற்றிலே விடுவதும் மனித உழைப்பினால் நடைபெறுபவை. அவ்வுழைப்பின் செலவை யார் தாங்குவது, எந்த விகிதத்தில் தாங்குவது என்னும் வினாவுக்குப் பொறியியல் நூல்களில் விடை தேடிப் பயனில்லை. ஒவ்வொரு சமுதாயமும் தன் வர்க்க உறவுகளுக்கு ஏற்ப அவ்வினாவுக்கு ஒரு விடையைக் கண்டு வந்திருக்கிறது. ஏழைக் குடும்பமொன்றின் கையிலே மாதந்தோறும் வந்து விழும் கட்டணச் சிட்டை அவ்விடையின் எழுத்து வடிவமே எனலாம்.

இவ்வினாவை ஆராய நாம் அமெரிக்க ஐக்கிய நாட்டை எடுத்துக்கொள்கிறோம். வறிய நாடொன்றில் ஏழைக்குக் குழாய் நீர் கிட்டாமற் போனால், நாட்டிலே பணமில்லை என்று ஒரு சமாதானம் சொல்லிவிடலாம். உலகின் நன்னீர்ப் பரப்புகளுள் மிகப் பெரியனவற்றின் கரையிலே, உலகின் மிகப் பெரிய செல்வத்தின் நடுவிலே, பல்லாயிரம் வீடுகளின் குழாய்கள் அடைக்கப்பட்டன என்றால் அச்சமாதானம் செல்லாது.

கதை 1790களில் தொடங்குகிறது. 1793 இல் பிலடெல்பியாவில் மஞ்சட் காய்ச்சல் பரவிற்று. ஏறத்தாழ ஐம்பதினாயிரம் மக்கள் வாழ்ந்த அந்நகரில் ஐயாயிரம் பேர்வரை மாண்டனர். நுளம்பே அந்நோயைப் பரப்புவது என்ற உண்மை 1900 ஆம் ஆண்டளவிலேதான் நிறுவப்பட்டது. அக்காலத்தவரோ அழுக்கும் அழுகிய நீருமே காரணம் என நம்பினர். நம்பிக்கை பிழையாயினும் விளைவு நல்லதாயிற்று. நகரசபை ஒரு நீர்க்குழுவை அமைத்தது. பெஞ்சமின் லற்றோப் என்னும் பொறியியலாளரின் திட்டப்படி 1801 இல் நீராவி இயந்திரங்களின் துணைகொண்டு ஆற்று நீர் நகருக்குள் வந்தது. தொடக்க ஆண்டுகளில் பணங் கட்டி வீட்டு இணைப்புப் பெற்றவர் மிகச் சிலர். ஏனையோர் தெருக் குழாய்களிலே இலவசமாக நீர் பிடித்தனர். இது பெருந்தன்மையின் விளைவென்று எண்ணிவிடக்கூடாது. தீயும் தொற்றுநோயும் வீட்டுக்கு வீடு தாவுபவை. ஏழையின் குடிசையிலே நீரில்லாவிடின் செல்வனின் மாளிகைக்கும் காப்பில்லை என்பதை அன்றைய வணிகர் நன்கு அறிந்திருந்தனர்.

நியூயோர்க் வேறு வழியிலே சென்றது. அங்கே 1799 இல் ஏரன் பர் என்னும் அரசியல்வாதி, நகருக்கு நன்னீர் வழங்குவதற்கென்று 'மன்ஹற்றன் கொம்பனி' என்ற தனியார் நிறுவனத்துக்குச் சாசனம் பெற்றார். நீர் வழங்கிய பின் எஞ்சும் மூலதனத்தை வேறு சட்டபூர்வமான வழிகளில் முதலீடு செய்யலாம் என்றொரு வாசகம் அச்சாசனத்தினுள்ளே நுழைக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டிலேயே கொம்பனி வங்கியொன்றைத் திறந்துவிட்டது. மரக்கட்டைகளைக் குடைந்த குழாய்களின் வழியே கொஞ்சம் அழுக்கு நீரும், வங்கியின் வழியே நிறைந்த இலாபமும் ஓடின. 1832 இல் வாந்திபேதி வந்து மூவாயிரத்து ஐந்நூறு பேரளவில் கொன்றது. அதன் பின்னரே நகரம் தன் சொந்தப் பொறுப்பில் குரோட்டன் கால்வாயை அமைத்து 1842 இல் நீரைக் கொண்டுவந்தது. அந்த வங்கியோ இன்றைய அமெரிக்காவின் மிகப் பெரிய வங்கியின் மூதாதைகளுள் ஒன்றாய் வளர்ந்தது. நீரிலும் பார்க்கப் பணமே மூலதனத்துக்கு இனியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வாறு பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நீர் வழங்கல் பெரும்பாலும் பொதுவுடைமையாயிற்று. இங்கிலாந்திலும் அப்படியே. பேர்மிங்காம் நகரபிதாவாயிருந்த ஜோசப் சேம்பர்லின் 1876 இல் அந்நகரின் நீர்க் கொம்பனியை நகரசபைக்கு வாங்கியபோது, எரிவாயுவில் இலாபம் ஈட்டலாம், நீரிலே ஈட்டலாகாது என்ற கொள்கையை முன்வைத்தார். அவர் சமதர்மவாதி அல்லர், ஆலை முதலாளி. நோயுற்ற தொழிலாளி ஆலைக்கு வரமாட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இங்கிலாந்தின் வீடுகள் நெடுங்காலம் தம் மதிப்புக்கு ஏற்பவே நீர்வரி செலுத்தின. பெரிய வீட்டுக்காரர் மிகுதியாகவும் சிறிய வீட்டுக்காரர் குறைவாகவும் கொடுத்தனர். குறைபாடுகள் பல உடைய முறைதான். எனினும், கொடுக்கும் வலிமைக்கும் கொடுக்கும் தொகைக்கும் அதிலே ஒரு தொடர்பு இருந்தது.

நீர்மானி அத்தொடர்பை அறுத்தது. பயன்படுத்திய அளவுக்கு விலை என்பது கேட்பதற்கு நியாயமாகவே ஒலிக்கும். வீண்செலவைத் தடுப்பதில் மானிக்கு உள்ள பயனையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு நீர் வழங்கல் அமைப்பின் செலவிலே மிகப் பெரும் பகுதி நீருக்குரியதன்று; நிலத்துக்குள்ளே புதைந்த குழாய்க்கும், இறைக்கும் நிலையத்துக்கும், சுத்திகரிப்பு ஆலைக்கும், இவற்றைக் கட்ட வாங்கிய கடனுக்கும் உரியது. ஊர் முழுவதற்கும் பொதுவான இச்செலவைக் கலன் கணக்கிலே பிரித்து விதிக்கும்போது, ஐந்து பிள்ளைகளைக் குளிப்பாட்டும் தாய், ஆளில்லாத மாளிகைக்காரனை விடக் கூடிய பங்கைத் தாங்குகிறாள். அமெரிக்க நகரங்களில் கழிவுநீர்க் கட்டணமும் உள்ளே வந்த நீரின் அளவை வைத்தே பெரும்பாலும் கணிக்கப்படுவதால் ஒரே வாளி நீருக்கு இரண்டு முறை விலை கொடுக்க நேர்கிறது. பல இடங்களில் இரண்டாவது விலையே பெரியது.

கழிவுநீர்ப் பங்கு ஏன் அவ்வளவு பெருத்தது? 1972 இல் அமெரிக்கக் கொங்கிரஸ் தூய நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆறுகளை மாசுபடுத்தலாகாது என்று நகரங்களுக்குக் கட்டளையிட்ட அதே சட்டம், சுத்திகரிப்பு ஆலைகளைக் கட்டும் செலவில் நூற்றுக்கு 75 பங்கைச் சமஷ்டி அரசு நன்கொடையாக வழங்கும் என்றும் விதித்தது. வருமான வரியிலிருந்து வந்த பணமாதலின் செல்வர் தம் வலிமைக்கேற்பத் தாங்கினர். 1981 இல் றேகன் ஆட்சியில் அப்பங்கு 55 ஆகக் குறைக்கப்பட்டது. 1987 ஆம் ஆண்டுத் திருத்தம் நன்கொடையைப் படிப்படியாக ஒழித்துச் சுழல்கடன் நிதியாக மாற்றிற்று. கட்டளை அப்படியே நின்றது, கொடை கடனாயிற்று. கடனைத் திருப்பிச் செலுத்த நகரங்களுக்கு இருந்த வழி ஒன்றே: கட்டணச் சிட்டை. 1977 இல் நீர்த்துறை மூலதனச் செலவில் நூற்றுக்கு 63 அளவாயிருந்த சமஷ்டிப் பங்கு 2014 அளவில் 9 ஆகத் தேய்ந்தது. இடைவெளியை நிரப்பியவர் எவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்நிலையில், மக்களால் இக்கட்டணத்தைத் தாங்க இயலுமா என்று அரசு கேட்டுப் பார்க்காமலில்லை. கேட்ட விதந்தான் விசித்திரமானது. சமஷ்டிச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் அளவுகோல்களின்படி, நகரத்தின் இடைநிலைக் குடும்ப வருமானத்தில் நீருக்கு நூற்றுக்கு 2.5, கழிவுநீருக்கு 2, ஆக 4.5 என்ற எல்லைக்குள் கட்டணம் அடங்கினால் அது தாங்கக்கூடியதே. எடுத்துக்காட்டாக, ஒரு நகரின் இடைநிலை வருமானம் ஆண்டுக்கு 50,000 டொலர் என்று கொள்வோம். ஆண்டுக் கட்டணம் 2,250 டொலர் ஆயினும் அளவுகோல் நிறைவுறுகிறது. அதே நகரில் ஆண்டுக்கு 10,000 டொலரில் வாழும் முதிய விதவை தன் வருமானத்தில் நூற்றுக்கு இருபத்திரண்டரைப் பங்கைத் தண்ணீருக்குக் கொடுக்க வேண்டியவளாகிறாள். நடுவிலே நிற்பவனின் உயரத்தை அளந்து, ஆறு எல்லார்க்கும் முழங்கால் ஆழமே என்று தீர்ப்புச் சொல்வது போன்றது இக்கணக்கு.

இனி டெற்றொயிற்றுக்கு வருவோம்.

மோட்டார் வண்டித் தொழிலின் தலைநகராய் விளங்கிய இந்நகரில் 1950 இல் பதினெட்டரை இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 2010 இல் எண்ணியபோது எஞ்சியிருந்தவர் 713,777 பேர். ஆலைகள் வெளியேறின; அவற்றின் பின்னே வெள்ளையர் புறநகர்களுக்குச் சென்றனர். கறுப்பு மக்கள் பின்தொடர முடியாதபடி வீட்டுக் கடன் விதிகளே வேலியிட்டன. 1941 இல் நகரின் வட எல்லையருகே, வெள்ளையருக்கென்று கட்டப்படவிருந்த வீடுகளைக் கறுப்பர் குடியிருப்பினின்றும் பிரிப்பதற்காக அரை மைல் நீளத்துக்கு ஒரு சுவர் எழுப்பப்பட்டது. அச்சுவர் எழும்பிய பின்னரே சமஷ்டி வீடமைப்பு நிருவாகம் கடனுறுதி அளித்தது. 2010 இல் நகரமக்களில் நூற்றுக்கு 80 இற்கு மேற்பட்டவர் கறுப்பர். ஏறத்தாழ ஐவரில் இருவர் வறுமைக் கோட்டின் கீழ் வாழ்ந்தனர்.

மக்கள் போயினும் குழாய்கள் போகவில்லை. இருபது இலட்சம் பேருக்கென்று புதைக்கப்பட்ட குழாய் ஏழு இலட்சம் பேர் இருக்கையிலும் அதே நீளந்தான், அதே கசிவுதான், அதே கடன்தான். புறநகர்களின் வளர்ச்சிக்கு ஏற்ப அமைப்பு விரிந்து, மிச்சிகன் மாநில மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேருக்கு நீர் வழங்கியது. அதன் பொருட்டு வாங்கிய கடனின் சுமை நகரத்து ஏழையின் சிட்டையிலும் ஏறியது. போதாக்குறைக்கு, வட்டி வீதம் உயருமென்று எதிர்பார்த்துச் செய்த வட்டிமாற்று ஒப்பந்தங்கள் 2008 இன் பின் தலைகீழாகின. அவற்றிலிருந்து விடுபடுவதற்கு மாத்திரம் நீர்த் திணைக்களம் 2011, 2012 ஆம் ஆண்டுகளில் வங்கிகளுக்கு 50 கோடி டொலருக்கு மேல் செலுத்தியது. நீர் வழங்குவதாய்ச் சொல்லி வங்கி திறந்த கொம்பனியின் கதையை வாசகர் இங்கே நினைவுகூர்வரேல் அது தற்செயல் அன்று.

2013 யூலை 18 இல் நகரம் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. அப்போது ஆட்சி, மக்கள் தெரிந்தெடுத்த மாநகரசபையின் கையில் இல்லை. மாநில ஆளுநர் நியமித்த அவசரகால முகாமையாளரின் கையில் இருந்தது. 2014 மார்ச்சில் நீர்த் திணைக்களம் தன் முடிவை அறிவித்தது: இரண்டு மாதம் தவறியவர், அல்லது 150 டொலருக்கு மேல் நிலுவை வைத்தவர் வீடுகளின் இணைப்பு வாரத்துக்கு 3,000 வரை துண்டிக்கப்படும். கட்டடங்களைத் தகர்க்கும் நிறுவனமொன்றுக்கு 56 இலட்சம் டொலர் ஒப்பந்தம் வழங்கப்பட்டது. அதன் ஆட்கள் வீதியோரத்து அடைப்பிதழைத் திருகி மூடிவிட்டு, நடைபாதையிலே நீலச் சாயத்தால் ஒரு கோடு தீட்டிச் சென்றனர். எந்த வீட்டிலே நீரில்லை என்பதை ஊரெல்லாம் அறியச் செய்த கோடு அது. அவ்வாண்டில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. பல்லாயிரம் டொலர் நிலுவை வைத்திருந்த குழிப்பந்துத் திடல்களுக்கும் விளையாட்டரங்குகளுக்கும் அத்தகைய அவசரம் காட்டப்படவில்லை என்பதை அந்நகரப் பத்திரிகைகளே எடுத்துக்காட்டின.

துண்டிப்பு என்பது தாகத்தோடு முடிவதன்று. மலசலகூடம் இயங்காது, பிள்ளையைக் கழுவ இயலாது, சிறுநீரக நோயாளிக்கு வீட்டில் மருத்துவம் செய்ய இயலாது. நீரில்லாத வீட்டிலிருந்து பிள்ளைகளை அரசு அகற்றிவிடுமோ என்ற அச்சத்தினால் தம் நிலையை வெளியிற் சொல்லாமல் மறைத்த தாய்மார் பலர். நிலுவைத் தொகை வீட்டுவரியோடு சேர்க்கப்பட்டு, ஈற்றில் வீடே பறிபோகும் வழியையும் மிச்சிகன் சட்டம் திறந்து வைத்திருந்தது. அயலவர் இரவிலே தோட்டத்து இறப்பர்க் குழாயை வேலிக்கு மேலாக நீட்டி நீர் கொடுத்தனர். கிணற்றுக் கட்டிலே கால்வைக்க உரிமையின்றி, யாரேனும் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்ற மக்களின் கதை யாழ்ப்பாணத்தவராகிய நமக்குப் புதியதன்று. நம் கிணற்றடியிலே தடுத்தது சாதி. டெற்றொயிற்றில் தடுத்தது கட்டணச் சிட்டை. அச்சிட்டைக்குப் பின்னே நிறமும் நின்றது.

மக்கள் வாளா இருக்கவில்லை. மிச்சிகன் பொதுநல உரிமை அமைப்பைச் சேர்ந்த பெண்களும், மதகுருமாரும், தொழிற்சங்கத்தினரும் துண்டிக்கும் வண்டிகள் புறப்படும் வாயிலிலே குறுக்கே நின்று கைதாகினர். 2014 யூலை 18 இல் பேரணி நடந்தது. சில நாட்களின் பின் ஆற்றின் மறுகரையிலுள்ள கனடாவிலிருந்து தண்ணீர்க் கலங்களை வாகனங்களில் ஏற்றிக்கொண்டு ஆதரவாளர் எல்லையைக் கடந்து வந்தனர். உலகின் முதல்தர வல்லரசுக்கு அயல்நாட்டிலிருந்து குடிநீர் நிவாரணம்! ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் இருவர் ஒக்ரோபரில் நேரில் வந்து பார்த்து, கொடுக்க இயலாதவரின் நீரைத் துண்டிப்பது மனித உரிமைக்கு மாறானது என்று கூறினர். நீரும் சுகாதாரமும் மனித உரிமை என்ற ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் 2010 யூலை 28 இல் 122 வாக்குகளால் நிறைவேறியிருந்தது. எதிர்வாக்கு ஒன்றேனும் இல்லை. வாக்களியாது விலகிய 41 நாடுகளுள் அமெரிக்கா ஒன்று. எனவே, வங்குரோத்து நீதிபதி ஸ்டீவன் றோட்ஸ் அதே ஆண்டு செப்டெம்பரில், தாங்கக்கூடிய விலையில் நீர் பெறும் உரிமை அமெரிக்கச் சட்டத்தில் இல்லை என்றும், துண்டிப்பை நிறுத்தினால் நகரத்தின் வருவாய் கெடும் என்றும் தீர்ப்பளித்ததில் வியப்பில்லை.

இங்கே நாம் சற்றுத் தரித்து நோக்க வேண்டிய செய்தியொன்று உண்டு. இவ்வவலத்தைத் தவிர்க்கும் திட்டம் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஆயத்தமாயிருந்தது. 2005 இல் பொதுநல உரிமை அமைப்பின் முயற்சியினால் ரொஜர் கோல்ற்றன் என்னும் பொருளியலாளர் ஒரு திட்டம் வகுத்தார். அதன் உயிர்நாடி எளியது: ஏழைக் குடும்பத்தின் நீர்க் கட்டணம் அதன் வருமானத்தின் ஒரு சிறு வீதத்தை மிஞ்சலாகாது. மாநகரசபை ஆதரவு தெரிவித்தது. ஆயினும் வருமானத்தோடு கட்டணத்தைப் பிணைக்கும் பகுதி நடைமுறைக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக, ஏனைய பாவனையாளர் விரும்பினால் தம் சிட்டையோடு சில சதங்களைச் சேர்த்துச் செலுத்தலாம் என்ற உதவிநிதியொன்று எஞ்சிற்று. உரிமையாக வந்திருக்க வேண்டியது உண்டியலாய் முடிந்தது.

கட்டணத்தை வருமானத்தோடு பிணைப்பது சட்டவிரோதமாகலாம் என்பதே அன்றும் பின்னரும் திணைக்களம் சொன்ன காரணம். 1978 இல் மிச்சிகன் அரசியலமைப்பிலே சேர்க்கப்பட்ட ஹெட்லீ திருத்தம், வாக்காளர் ஒப்புதலின்றிப் புதுவரி விதிப்பதைத் தடுக்கிறது. 1998 இல் லான்சிங் நகர வழக்கில் மாநில உயர் நீதிமன்றம், கட்டணம் என்பது பெற்ற சேவையின் செலவுக்கு ஏற்புடையதாய் இருத்தல் வேண்டும். இன்றேல் அது மறைமுக வரி என்று விளக்கிற்று. ஒருவரின் கட்டணத்தைக் குறைத்து மற்றவர்மீது சுமத்தினால் வழக்கு வரும் என்பது திணைக்களத்தின் அச்சம். சொத்துடையோரின் வரியைக் காப்பதற்கெழுந்த வேலி இவ்வாறு ஏழையின் குழாயைச் சுற்றி வளர்ந்தது.

துண்டிப்பின் பின் வந்த பரிகாரங்கள் யாவும் கடனாளிக்குத் தவணை கொடுக்கும் வகையினவே. நிலுவையின் ஒரு பகுதியை முன்பணமாகக் கட்டினால் எஞ்சியதை மாதத் தவணையில் செலுத்தலாம் என்றனர். முந்தைய சிட்டையையே கட்ட முடியாதவர், அச்சிட்டையோடு தவணையையும் சேர்த்து எங்ஙனம் கட்டுவார்? பலர் சில மாதங்களிலேயே தவறினர், மீண்டும் துண்டிப்பு, மீண்டும் தவணை. 2016 இல் வட்டார நீர் அதிகாரசபை உருவாகி, தன் வருவாயில் நூற்றுக்கு அரைப் பங்கை உதவிக்கென ஒதுக்கியது. நூற்றுக்கு அரை என்பதைக் கவனிக்க. 2014 தொடக்கம் 2019 வரை டெற்றொயிற்றில் 140,000 இற்கு மேற்பட்ட துண்டிப்புகள் பதிவாயின.

துண்டிக்காவிடின் எவருமே பணங் கட்டமாட்டார் என்பது திணைக்களங்களின் பழைய வாதம். இங்கிலாந்தின் அனுபவம் இதற்கு விடை கூறும். அங்கே 1989 இல் தச்சர் அரசு நீர்த்துறையைத் தனியாருக்கு விற்றது. கட்டணம் ஏறியது; 1991-92 இல் 21,000 இற்கு மேற்பட்ட வீடுகள் துண்டிக்கப்பட்டன. முற்பணம் செலுத்தாவிடின் தானே அடைத்துக்கொள்ளும் கருவிகளைச் சில கொம்பனிகள் வீடுகளில் பொருத்தின. 1998 இல் நீதிமன்றம் அவை சட்டவிரோதம் என்றது. 1999 ஆம் ஆண்டு நீர்த்தொழிற் சட்டம், கட்டணம் செலுத்தாமைக்காக எந்தக் குடியிருப்பின் நீரையும் துண்டிக்கலாகாது என்று முற்றாகத் தடை செய்தது. அதன் பின்னும் அக்கொம்பனிகள் வற்றிப் போகவில்லை. பங்குதாரருக்கு ஆண்டுதோறும் பங்கிலாபம் வழங்கிக்கொண்டே இருந்தன. நிலுவை உண்டு, அதனை ஏனைய கடன்களைப் போல வசூலிக்கிறார்கள். குழாயை மாத்திரம் தொடுவதில்லை.

டெற்றொயிற் கைவிட்ட எண்ணத்தைப் பிலடெல்பியா பற்றிக்கொண்டது. அந்நகரமும் பெரு நகரங்களுள் மிக வறியவற்றில் ஒன்றென்றே கணிக்கப்பட்டு வந்தது. அங்கே வறியோருக்கு இலவசமாக வாதாடும் சட்டத்தரணிகள் துண்டிப்பு வழக்குகளை ஒவ்வொன்றாய் நடத்திச் சலித்துப் போயிருந்தனர். மரியா கினியோனஸ் சாஞ்சஸ் என்னும் மாநகரசபை உறுப்பினர் கொண்டுவந்த சட்டமூலம் 2015 இல் ஒருமனதாக நிறைவேறியது. 2017 யூலையில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வறுமைக் கோட்டின் பாதிக்குக் கீழ் வருமானமுள்ள குடும்பம் தன் வருமானத்தில் நூற்றுக்கு 2. வறுமைக் கோடு வரை 2.5, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு வரை 3, மிகுந்த இடர்ப்பாட்டில் விழுந்த ஏனையோர் 4. நீர், கழிவுநீர், மழைநீர் வடிகால் மூன்றும் இதனுள் அடங்கும். மிகக் குறைந்த கட்டணம் மாதம் 12 டொலர். மாதம் 800 டொலரில் தனித்து வாழும் முதியவர் ஒருவர் 20 டொலர் கட்டினாற் போதும். அவர் வீட்டு மானி என்ன காட்டினும் அதுவே. பழைய நிலுவை ஒருபுறம் ஒதுக்கி வைக்கப்படும். 2020 இல் செய்த மாற்றத்தின்படி, 24 மாதக் கட்டணங்களை முழுமையாகச் செலுத்தியவரின் பழைய நிலுவை தள்ளுபடியாகிறது.

இத்திட்டத்தின் சிறப்பு கருணையில் இல்லை, கணக்கிலேதான் இருக்கிறது. நூறு டொலர்ச் சிட்டையை அனுப்பிப் பூச்சியம் வசூலிப்பதிலும், இருபது டொலர்ச் சிட்டையை அனுப்பி இருபதையும் வசூலிப்பது எந்தக் கணக்காளனுக்கும் நல்லது. வசூலாகாத தொகையைத் துரத்தும் செலவும், துண்டிக்கும் கூலியும், மீள இணைக்கும் கூலியும் மிஞ்சுகின்றன. ஏழைக்கு விலை குறைத்தால் நீரை வீணாக்குவான் என்பாரும் உளர். ஏழை வீட்டில் வீணாகும் நீரிற் பெரும்பகுதி, வீட்டுச் சொந்தக்காரன் திருத்தாமல் விட்ட பழைய மலசலகூடத் தாங்கியிலிருந்தே ஒழுகுகிறது. வீண்விரயத்துக்கு மருந்து தாங்கியைத் திருத்துவதே என்பதை உணர்ந்து, கசிவு திருத்தும் உதவியையும் அந்நகரம் இத்திட்டத்தோடு சேர்த்தே வழங்குகிறது.

எனினும் நாம் இதனைப் போற்றிவிட்டு அப்பாற் செல்வதற்கில்லை. முதலாவது குறை, விண்ணப்பப் படிவம். உரிமையுள்ள குடும்பங்களில் ஒரு பகுதியே முதலாண்டுகளில் திட்டத்தினுள்ளே வந்தது. இரண்டு வேலை செய்பவனுக்கு அலுவலகத்தில் நிற்க நேரமில்லை. வருமானச் சான்று கேட்டால் நாட்கூலிக்காரன் எதனைக் காட்டுவான்? ஏனைய பொதுநல உதவி பெறுவோரின் விபரங்களைக் கொண்டு நகரமே தகுதியறிந்து சேர்க்கும் முறை பின்னர்தான் வந்தது. இரண்டாவது, இத்தள்ளுபடியை ஈடுசெய்யும் மேலதிகக் கட்டணம் ஏனைய பாவனையாளர் யாவர்மீதும் நீரளவுப்படியே விதிக்கப்படுகிறது. வறுமைக் கோட்டின் ஒன்றரை மடங்கைச் சில டொலரால் தாண்டிவிட்ட பேருந்துச் சாரதியும் வைத்தியசாலைத் தாதியும் ஏழைக்குக் கொடுக்கிறார்கள். 1972 இன் நன்கொடை போல நாட்டின் பெருஞ்செல்வர் கொடுக்கவில்லை. மூன்றாவது, சிட்டை தன் பெயரில் வராத வாடகைக் குடியிருப்பாளனின் நிலை. பல அமெரிக்க நகரங்களில் கணக்கு வீட்டுக்காரனின் பெயரிலேயே இருக்கிறது. கட்டணம் வாடகையினுள்ளே ஒளிந்திருக்கையில் சலுகை எங்கே போய்ச் சேரும்? பிலடெல்பியா குத்தகையாளனையும் பாவனையாளனாய் ஏற்று இதனை ஓரளவு தீர்த்தது. மற்ற நகரங்கள் பலவற்றில் இப்பிரச்சினை தீராதிருக்கிறது.

பெருந்தொற்று வந்தபோதுதான் அமெரிக்க ஆட்சியாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டு வணிகரின் பழைய பாடத்தை மீண்டும் கற்றனர். கைகளைக் கழுவுக என்று வானொலியும் தொலைக்காட்சியும் ஓயாது சொல்லிக்கொண்டிருக்கையில், கழுவ நீரில்லாத வீடுகள் இருத்தல் ஆபத்து. 2020 மார்ச்சில் 25 டொலர் கட்டணத்தில் இணைப்பை மீட்கும் திட்டத்தை டெற்றொயிற் அறிவித்தது. அம்மாத இறுதியில் மாநில ஆளுநர், துண்டித்த வீடுகளுக்கு நீரை மீள வழங்குமாறு கட்டளையிட்டார். ஆறு ஆண்டுகளாய் இயலாது என்று சொல்லப்பட்டது ஒரு மாதத்தில் இயன்றது.

எரிபொருட் செலவுக்கு ஏழைகளுக்கு உதவும் சமஷ்டித் திட்டம் 1981 தொடக்கம் இருந்து வந்தது. நீருக்கு அவ்வாறு ஒன்று இருந்ததில்லை. முதன்முதலாக 2020 டிசெம்பரிலும் 2021 மார்ச்சிலும் இயற்றிய சட்டங்களின் வாயிலாக ஏறத்தாழ 114 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. தற்காலிகத் திட்டம் என்றே பெயரிட்டுத் தொடங்கினர்; அப்பெயருக்கு ஏற்பப் பணம் தீர்ந்ததும் திட்டமும் தீர்ந்தது. 2023 இன் பின் புது நிதி வரவில்லை. அந்த ஒருமுறைப் பணத்தையும் வட்டார உதவிநிதியையும் துணையாகக் கொண்டு 2022 இல் டெற்றொயிற் தன் 'உயிர்க்கயிறு' திட்டத்தைத் தொடங்கியிருந்தது. மாதம் 4,500 கலன் வரை, மிக வறிய குடும்பத்துக்கு 18 டொலர்; 2005 இல் கேட்டதற்கு அண்மையான ஒன்று, பதினேழு ஆண்டுகள் கழித்து. ஆனால் பிலடெல்பியாவிலே கட்டண அமைப்பே சலுகையைத் தாங்க, டெற்றொயிற்றில் வெளியிலிருந்து வரும் பணமே அதனைத் தாங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்தி வைத்த துண்டிப்புகளும் 2023 இல் மீண்டும் தொடங்கின.

இதனைக் கண்ட மிச்சிகன் சட்டமன்ற உறுப்பினர் சிலர் 2023 இல் சட்டமூலங்கள் சிலவற்றை முன்வைத்தனர். மாநிலத்தின் ஒவ்வொரு நீர்மானிக்கும் மாதம் 2 டொலர் அளவான பங்களிப்பைப் பெற்று நிதியொன்றை நிறுவுவதும், வறுமைக் கோட்டின் இரு மடங்குக்குக் கீழுள்ள குடும்பங்களின் கட்டணத்தை வருமானத்தில் நூற்றுக்கு 3 என்ற எல்லைக்குள் நிறுத்துவதும் அவற்றின் நோக்கம். மாதம் இரண்டு டொலர் மிகை என்று புறநகர்ப் பிரதிநிதிகள் பலர் எதிர்த்தனர். 2024 இன் முடிவில் சட்டமன்றம் கலைந்தபோது அம்மூலங்கள் வாக்கெடுப்பைக் கடந்து சட்டமாகாமலே காலாவதியாயின. அவற்றுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த பெண்கள் அடுத்த சட்டமன்றத்துக்கு மீண்டும் மனு எழுத வேண்டியதாயிற்று.